செத்தவன் பேரில் மருந்து

இலங்கையில் பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மழைநீர் வடியக் கான் வெட்டும்போது மண்வெட்டி காலில் பட்டுவிட்டது. கட்டுப்போட மருந்துக் காம்பராவில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் நின்ற கொழுந்துக்காரிக்குக் கன்னம் ஒட்டி, முன்பல் விழுந்திருந்தது. இடுப்பிலிருந்த பையனின் கழுத்தைப் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தாய் தகப்பன் இல்லாத அவனை அவள்தான் எடுத்து வளர்த்தாள். செலவைக் குறைக்க, வேலையாட்கள் பெற்ற பிள்ளைகளுக்கு மட்டுமே மருந்து என்று துரை அந்த மாதம் உத்தரவு போட்டிருந்தார்.

அவள் தன் மகன் பேரைச் சொன்னாள்.

யாழ்ப்பாணத்து மருந்தையா நிமிர்ந்தார். "அவன் போன மாசியிலை செத்தவன் எல்லோ?"

"ஆமாங்கையா. பதிவுல பேரு இன்னும் வெட்டலீங்களே. அவனுக்குள்ளத இவனுக்கு ஊத்துங்க."

அவர் போத்தலை நிரப்பினார். "அடுத்த கிழமை வெட்டச் சொல்லியிருக்கினம். பிறகு வராதை."

கட்டுப்போட்டு வெளியே வந்ததும், வாசலில் நின்றவளிடம் பையனின் சொந்தப் பேரைக் கேட்டேன்.

"கேக்காதீங்கண்ணே. வெட்டுறதுக்குள்ள இன்னொரு போத்தல் வாங்கணும். வாய் தவறி அந்தப் பேரச் சொல்லிட்டா மருந்து போயிரும்."

பிறகு மகன் பேரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டாள். அவனும் "ம்" என்றான். அப்போது அவள் முகம் போன போக்கு எனக்கு இன்றும் விளங்கவில்லை.