ஒற்றை ஆள் கார்டு

வெண்மதியின் கணவன் பழனிவேல் திருப்பூருக்கு வேலைக்குப் போவதாகச் சொல்லி பஸ் ஏறிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஆறு மாதம் போன் வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. இருக்கிறானா இல்லையா என்று தெரியாத ஒருவனுக்காகத் தாலியைக் கழற்றுவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை, போட்டுக்கொண்டே இருந்துவிட்டாள். பிள்ளை இல்லை. கம்மாபுரம் பக்கம் இருந்த நிலம் சுரங்கத்துக்குப் போன பின் அண்ணன் ராஜாங்கம் நெய்வேலிக்கு வெளியே வீடு கட்டினார். அந்த வீட்டின் பின்சுவரில் சாய்த்து இறக்கிய ஆஸ்பெஸ்டாஸ் அறையில் அவள் இருந்தாள். காலை ஐந்தரைக்குக் கிளம்பி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் மூன்று வீடுகளுக்குப் பாத்திரம் தேய்ப்பாள், துணி துவைப்பாள். அதில் ஒரு வீட்டில் ஞாயிறும் உண்டு.

மகளிர் உரிமைத் தொகை முதலில் வந்தபோது அண்ணி மலர்கொடிக்குக் கிடைத்தது. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி அவள்தான். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது வெண்மதி. அதில் அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரு குடும்பத்துக்கு ஒருத்தி. தானும் அந்தக் குடும்பம்தானே என்று இருந்தாள்.

மறுபடி விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்ற செய்தியைச் சொன்னது, அவள் வேலை செய்யும் வீட்டுக் கஸ்தூரியம்மாள்.

"புருஷன் விட்டுட்டுப் போனவங்களுக்கும் உண்டு வெண்மதி. ஆனா உன் பேர்ல தனி கார்டு வேணும். அண்ணன் கார்டுல இருந்தா உனக்கு வராது."

இரண்டு வாரம் யோசித்துவிட்டு, அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கேட்டாள். ராஜாங்கம் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொன்னது மலர்கொடி.

"பேர எடுத்துட்டா, நீ இந்த வூட்டு மனுஷி இல்லன்னு நாங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடாதா? ஊரு இன்னா பேசும்? நாங்க ஒனக்கு சோறு போடலன்னு பேசும்."

"அப்படி இல்ல அண்ணி. ஆயிர ரூபா வந்தா ஒங்களுக்கும் பாரம் கொறையும்னுதான்."

"பாரம்னு நாங்க எப்ப சொன்னோம்?"

மூன்றாம் நாள், கார்டிலிருந்து அவள் பேரை எடுக்கும் மனுவில் அண்ணன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

புதுக் கார்டு வந்த அன்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் பெயர் ஒன்றுதான். அதற்குக் கீழே வேறு யாரும் இல்லை. முகாமில் விண்ணப்பத்தைப் பதிந்த பெண், கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"கணவர்?"

"திருப்பூர் போனாருங்க."

"வருவாரா?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். "வரமாட்டாருங்க" என்றாள். பத்தொன்பது வருஷத்தில் அதை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண், 'கணவரால் கைவிடப்பட்டவர்' என்று அடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

கார்த்திகைக் கடைசியில் பணம் வந்தது. கஸ்தூரியம்மாள் வீட்டுக் குழாயடியில் கையெல்லாம் சோப்பு நுரையோடு இருந்தபோது போன் அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு மெசேஜைப் படித்தாள். கஸ்தூரியம்மாள் கோயிலுக்குப் போயிருந்தார். அண்ணியிடம் சொல்லலாம் என்று சாயங்காலம் வாசல் வரை போனாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. கார்டு பிரிந்ததிலிருந்து மலர்கொடி குழம்புக் கிண்ணம் கொடுத்தனுப்புவதில்லை. சண்டை என்று ஒன்றும் கிடையாது, நின்றுவிட்டது, அவ்வளவுதான். வெண்மதி செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிட்டாள்.

அந்தப் பணத்தில் அவளைத் திகைக்க வைத்தது ஒன்று உண்டு. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் ஐம்பது ரூபாய் கொடுத்தாலும், வேலை செய்யும் வீட்டில் முன்பணம் வாங்கினாலும், காரணம் சொல்லியே அவளுக்குப் பழக்கம். இதற்குச் சொல்ல வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

மூன்று மாதம் தொடர்ந்து வந்த பிறகு, ஞாயிறும் வேலை இருந்த அந்த வீட்டு வேலையை விட்டாள். அந்த வீட்டம்மா கோபித்துக்கொண்டார். "உடம்பு முடியலீங்க" என்று பொய் சொன்னாள். முழங்கால் வலி நிஜம்தான். ஆனால் அதற்காக விடவில்லை. வாரத்தில் ஒரு நாள் விடிந்த பிறகு எழுந்திருக்க வேண்டும் என்று ஆசை.

எழுந்தாள். குளித்தாள். சோறு வடித்தாள். மணி ஒன்பதுகூட ஆகவில்லை. முன் வீட்டில் தாளிக்கும் வாசனை வந்தது, அண்ணன் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒரு பகல் இவ்வளவு நீளம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அடுத்த ஞாயிறுகளிலும் அப்படியேதான் போனது. அந்த வேலையை விடாமலே இருந்திருக்கலாமோ என்றும் நினைத்தாள்.

சித்திரைக் கடைசியில் ஒரு ஞாயிறு, பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ் ஏறிப் பண்ருட்டி வரை போய், திரும்பும் வழியில் காடாம்புலியூரில் இறங்கினாள். ஒரு வேலையும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து போக வேண்டும் என்று இருந்தது. ரோட்டோரம் பலாப்பழம் குவித்திருந்தார்கள். எப்போதும் அவள் பத்து ரூபாய்க்கு நாலு சுளை வாங்குகிறவள். அன்று முழுப் பழம் கேட்டாள்.

"வூட்ல எத்தினி பேரும்மா?" என்றான் கடைக்காரன், எந்த அளவு என்று பார்த்துக்கொண்டே.

"நாலஞ்சு பேரு" என்றாள்.

பழத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்தால் முன்கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்: திருவதிகையில் அண்ணியின் தங்கை பொண்ணுக்குச் சடங்கு, காலையிலேயே எல்லாரும் போய்விட்டார்கள். "ஒன்னாண்ட சொல்லலியா?"

"சொன்னாங்க. எனக்குத்தான் முடியல."

கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை அறுத்தாள். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள், எதிர் வீட்டுக்குக் கொடுத்தாள். மீதியை எண்ணெய்க் கையோடு உட்கார்ந்து வயிறு கனக்கும் வரை தின்றாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே இன்னொரு சுளையை எடுத்துத் தின்றாள், இனிப்பாகத்தான் இருந்தது.

இருட்டும் நேரத்தில் ராஜாங்கம் பின்பக்கமாக வந்து நின்றார். கையில் சடங்கு வீட்டுத் தாம்பூலப் பை.

"வாசம் தெருமுனை வரிக்கும் அடிக்குது" என்றார்.

தட்டை நகர்த்தி வைத்தாள். வாசப்படியில் உட்கார்ந்து நாலைந்து சுளை தின்றார். எழும்போது, "அண்ணிக்குக் கொஞ்சம் குடு" என்றார். ஒரு கிண்ணம் நிறைய எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை அந்தக் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து அவள் வாசலில் இருந்தது. வெண்மதி அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நடையை எட்டிப் போட்டாள்.