கைக்குட்டை கட்டிய ஏர் ஃபில்டர்

ஸ்கூட்டர் மூச்சிழுக்கும் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வாய்ப்பில்லை; யாரும் கேட்டுத் தொலைக்கக் கூடாது என்றுதான் அதைச் செய்தவர்கள் ஒரு தகரப் பெட்டிக்குள் பஞ்சை வைத்து மூடி அனுப்பினார்கள். அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கேட்டவன் நான். ஆக்சிலேட்டரைத் திருகியதும், வெயிலில் வந்த எருமை தண்ணீர்த் தொட்டியில் வாய் வைத்தது போல "ஹ்ர்ரூம்" என்று ஓர் உறிஞ்சல் எழும். பின்னாலேயே எரிந்த ஆயிலின் புகை, வெல்லப்பாகு போன்ற வாசனையோடு வரும். பதினெட்டு வயதில் அந்தச் சத்தத்தை நான் சங்கீதம் என்று நினைத்தேன். நுரையீரல் வியாதி என்று பிறகு தெரிந்தது.

அப்போது கணபதி என்ற பகுதியில் குடியிருந்தோம். எங்கள் வீதியில் வீட்டுக்கு ஒரு லேத் பட்டறையோ, பட்டறைக்கு ஒரு வீடோ இருக்கும். அப்பா மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தார். தலைமுடி அளவு பிசகினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்புகிறவர். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முதலாண்டு. அதாவது, எஞ்சினைப் பற்றி எதுவும் தெரியாது, ஆனால் தெரியாது என்பதும் தெரியாது. அப்பாவின் சாம்பல் நிற ஸ்கூட்டர் மருதமலை அடிவார ஏற்றத்தில் முனகுவதைக் கேட்டு, அதற்கு "இழுவை" போதவில்லை என்று என் வகுப்பு நண்பர்கள் தீர்ப்பளித்தார்கள். வைத்தியத்தையும் அவர்களே சொன்னார்கள்: ஃபில்டரை மாற்று.

சத்தி ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் மூன்று ஃபில்டர்களை வைத்தார். ஒன்று கறுப்புப் பஞ்சு, ஒன்று மடித்த காகிதம், மூன்றாவது கூம்பு வடிவத்தில், பளபளக்கும் மூடியோடு, நல்ல குங்குமச் சிவப்பு. எது நல்லது என்று கேட்டேன். "மூணுமே நல்லாருக்குமுங்க தம்பி" என்றார். எங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்றேன். "போட்டாப் பொருந்திக்குமுங்க" என்றார். இப்படிப்பட்ட கடும் தொழில்நுட்ப ஆராய்ச்சிக்குப் பிறகு சிவப்பைத் தேர்ந்தெடுத்தேன். அந்த வருடத் தீபாவளிச் சட்டை அதில் போனது.

இந்த இடத்தில் எங்கள் ஊர் மரியாதையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிறகு எஞ்சின் நடுரோட்டில் நின்றதற்குப் பாதிக் காரணம் அதுதான். கொங்கு நாட்டில் ஒருவர் முகத்துக்கு நேரே "வேண்டாம்", "தப்பு" என்று சொல்வது கை நீட்டி அடிப்பதற்குச் சமம். ஆகவே யாரும் சொல்வதில்லை. மெக்கானிக் துரைசாமி அண்ணன் அந்த மரியாதையின் உச்சம். சிவப்புக் கூம்பை உள்ளங்கையில் வைத்து, ஜோசியர் ஜாதகம் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பண்ணிப்போடலாமுங்க" என்றார். பழைய பெட்டியைக் கழற்றினார், கூம்பை மாட்டினார், காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் குட்டி ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகி, நிற்கும்போது வண்டி சீராக ஓடும்படி செய்தார். பிறகு துணியில் கையைத் துடைத்தபடி, எங்கோ பார்த்துக்கொண்டு, "ஜெட்டும் ஒரு சைஸ் பெருசாப் போட்டா இன்னும் நல்லாருக்குமுங்க" என்றார்.

ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் இருக்கும் பித்தளைத் துண்டு. அதன் நடுவில் இருக்கும் ஊசித் துவாரத்தின் அளவுதான் எவ்வளவு பெட்ரோல் போகலாம் என்பதை முடிவு செய்கிறது. ஃபில்டரைத் திறந்து காற்றை அள்ளிவிட்டால் பெட்ரோலையும் கூட்ட வேண்டும். இல்லையென்றால் எஞ்சின் காய்ந்து, கொதித்து, பிஸ்டன் உள்ளேயே பிடித்துக்கொள்ளும். இவ்வளவையும் சேர்த்துத்தான் துரைசாமி அண்ணன் "இன்னும் நல்லாருக்குமுங்க" என்றார். வெளியூரில் ஒரு மெக்கானிக் சட்டையைப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டிய எச்சரிக்கை அது. நானோ அதை வெற்றிலை பாக்கோடு உபசாரத்துக்கு வைக்கப்படும் வாழைப்பழம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போதே நல்லாயிருக்கிறது, இன்னும் எதற்கு?

அப்பாவும் அம்மாவும் தாராபுரத்தில் ஓர் உறவுக் கல்யாணத்துக்குப் போயிருந்த மூன்று நாள் இடைவெளியில் இதெல்லாம் நடந்தது. கிளம்பும்போது அப்பா ஒரே ஒரு பொறுப்பைத்தான் கொடுத்திருந்தார்: "திங்கக்கிழமை கலாவ பெரியநாயக்கன்பாளையம் கூட்டிட்டுப் போய் நேரத்துல உட்டுப்போடு கண்ணு. வேற ஒண்ணும் நீ பண்ண வேண்டியதில்ல." கடைசி வாக்கியத்தின் ஆழம் அன்று எனக்குப் புரியவில்லை.

கலா என் அக்கா. எம்.எஸ்ஸி. வேதியியல். ஏற்கெனவே மூன்று பள்ளிகளில் நேர்முகத் தேர்வுக்குப் போய், மூன்றிலும் "சொல்லி அனுப்பறமுங்க அம்மணி" என்ற பதிலோடு திரும்பியிருந்தாள். அதன் பொருள் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இதற்கிடையில் சூலூரிலிருந்து ஒரு வரன். பதினாறு தறி ஓடும் வீடு, தங்கமான பையன் என்றார்கள். அக்காவுக்குப் பையன் மேல் புகார் ஒன்றுமில்லை, அவசரம்தான் இல்லை. பெரியநாயக்கன்பாளையம் பள்ளியும் கைவிட்டால் தை மாதத்தில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று அப்பா அவர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா அங்கே இருக்க வேண்டும். அவளை அங்கே கொண்டு சேர்க்கும் பொறுப்பு, அன்றைய தேதியில், ஒரு சிவப்புக் கூம்பிடம் இருந்தது.

எட்டு மணிக்குக் கிளம்பினோம். எஞ்சினை மூடும் பக்கத் தகட்டை நான் மாட்டவில்லை. மாட்டினால் ஃபில்டரின் அழகு ஊருக்குத் தெரியாமல் போய்விடுமே. அக்கா மாம்பழப் பட்டுப் புடவையில், சான்றிதழ் ஃபைலை நெஞ்சோடு அணைத்து, ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தாள். கவுண்டம்பாளையம் வரை எருமை நன்றாகத் தண்ணீர் குடித்தது. மேட்டுப்பாளையம் ரோடு திறந்து கிடந்ததும் முறுக்கினேன். பஸ் ஒன்றை முந்தினேன். "மெதுவாப் போடா" என்று அக்கா சொன்னதைச் சத்தம் அதிகம் என்பதால் கேட்காதவன் போல் இருந்தேன்.

துடியலூர் தாண்டி ஒரு கல் தொலைவுகூட இருக்காது. "க்ரீச்" என்றது. பின்சக்கரம் இறுகி, வண்டி கோடு கிழித்துக்கொண்டு ஓரத்து மண்ணில் போய் நின்றது. நாங்கள் விழவில்லை; அது அக்காவின் பாக்கியம். கிக்கரை மிதித்தேன். சிமெண்டில் ஊன்றிய கம்பியை மிதித்தது போல இருந்தது.

எதிர் டீக்கடையிலிருந்து ஒருவர் கிளாஸோடு வந்தார். "ஏனுங்க, பெட்ரோல் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அப்ப நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்தபடி அங்கேயே நின்றுகொண்டார்.

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "என்னடா பண்ணிப்போட்ட வண்டிய?"

டூல் பாக்ஸிலிருந்து ஸ்பேனரை எடுத்து, விரல் சுட, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். எங்கள் சீமையில் "ங்க" சேர்க்காமல் பேசும் ஒரே ஜீவன் ஸ்பார்க் பிளக் என்று அன்று கண்டுகொண்டேன். எஞ்சின் நலமாக இருந்தால் அதன் முனை காப்பித்தூள் நிறத்தில் இருக்க வேண்டும். என் கையில் இருந்ததோ சூட்டில் வெந்து வெள்ளைவெளேர் என்று இருந்தது.

"சுண்ணாம்பாட்ட இருக்குது" என்றாள் அக்கா. "உள்ள அவ்வளவு சூடா? ஏன்?"

ஃபில்டர், கடைக்காரர், துரைசாமி அண்ணன், ஜெட், தீபாவளிச் சட்டை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் குனிந்து, சிவப்புக் கூம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லேப்ல பர்னர் இருக்குமில்ல, அடியில காத்து ஓட்டையத் தொறந்தா மஞ்சத் தீ நீலமாயி சூடு ஏறிரும். நீ ஓட்டைய முழுசாத் தொறந்து போட்டிருக்கற. மூடற வழியப் பாரு."

"பழைய பெட்டி துரைசாமி அண்ணன்கிட்ட..."

"பெட்டி இல்லீனா என்ன?" என்றவள் இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்தாள், ஓரத்தில் ஊதாப் பூ போட்டு அவளே தைத்தது. இரண்டாக மடித்துக் கூம்பைச் சுற்றி, சான்றிதழ் ஃபைலின் ரப்பர் பேண்டைக் கழற்றி இறுக்கினாள். ஊதாப் பூ வெளியே தெரிந்தது. டீ கிளாஸோடு நின்றவர் இன்னொரு வாய் குடித்துவிட்டு, "தலைவலிக்குக் கட்டுனாப்ல இருக்குதுங்க" என்றார்.

எஞ்சின் ஆறுவதற்காகக் காத்திருந்த அந்த அரை மணி நேரத்தில் எங்களைக் கடந்து போன பெரியநாயக்கன்பாளையம் பஸ்களில் ஒன்றில் அக்காவை ஏற்றிவிடப் பார்த்தேன். கையைக் காட்டினோம், கூட்டம் படியில் தொங்க, ஒன்றும் நிற்கவில்லை. ஒன்பதே காலுக்குக் கிக்கரை மெல்ல அழுத்திப் பார்த்தேன். இறங்கியது. அந்த இறக்கம் என் உள்ளங்காலில் இன்றும் இருக்கிறது. நான்காவது மிதியில் வண்டி இருமி, புகைந்து, பழைய சோம்பேறி முனகலோடு ஓட ஆரம்பித்தது. அவ்வளவு இனிமையான முனகலை அதற்குமுன் நான் கேட்டதில்லை. சைக்கிள்காரர்கள் எங்களை முந்திச் செல்ல, அக்கா அரை வழியில் இறங்கி ஒரு முறை கைக்குட்டையைச் சரிசெய்ய, பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பள்ளி வாசலில் நின்றோம்.

வேப்பமரத்தடியில் நான் காத்திருந்தேன். நான்கு பேர் உள்ளே போய்த் திரும்பினார்கள். நான்கு பேர் முகமும் தெளிவாக இருந்தது. அக்கா போய் நெடுநேரம் வரவில்லை. சூலூரின் பதினாறு தறிகளும் என் காதுக்குள் ஓடின. கடைசியில் வந்தாள்.

"கையெல்லாம் கரி. என்னன்னு கேட்டாங்க" என்றாள். "சொன்னேன். அப்ப அதையே ஒம்பதாங்கிளாஸ் புள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கற மாதிரி போர்டுல போட்டுக் காட்டுங்கன்னாங்க. பர்னர் வரைஞ்சு, பக்கத்துல உன்ற வண்டிய வரைஞ்சேன்."

"அப்புறம்?"

"சொல்லி அனுப்பறமுங்கன்னு சொல்லல. வர்ற திங்கக்கிழமை வந்து சேந்துக்கச் சொல்லிட்டாங்க."

நான் அழவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஃபில்டரைத் துடைக்கிறவன் போலக் குனிந்துகொண்டேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

திரும்பியதும் நேரே துரைசாமி அண்ணன் பட்டறை. பழைய தகரப் பெட்டியை அவர் செய்தித்தாளில் சுற்றி, பெட்ரோலில் கழுவி, பரணில் பத்திரமாக வைத்திருந்தார். "வருவீங்கன்னு எடுத்து வெச்சிருந்தேனுங்க" என்றார். அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "சொன்னேனுங்களே தம்பி!"

பெட்டியும் பக்கத் தகடும் பழையபடி ஏறிய மறுநாள் அப்பா வந்தார். அக்காவின் செய்தியைக் கேட்டுவிட்டு, வண்டியை வீதி முனைவரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினார். குனிந்து பக்கத் தகட்டின் திருகுகளில் புதிதாக விழுந்திருந்த கீறல்களை விரலால் தடவிப் பார்த்தார். "வண்டிய நல்லாத் தொடச்சு வெச்சிருக்கற கண்ணு" என்றார். அதற்குள் எனக்கு எங்கள் ஊர்ப் பாஷை புரிய ஆரம்பித்திருந்தது. தலைகுனிந்து வீட்டுக்குள் போய்விட்டேன்.

இன்று என்னிடம் இருப்பது பேட்டரி ஸ்கூட்டர். அதற்கு ஃபில்டர் இல்லை, ஜெட் இல்லை, மூச்சே இல்லை. கோளாறு என்றால் திரையில் சிவப்பு எழுத்தில், கொஞ்சமும் மரியாதை இல்லாமல், நில் என்கிறது, நான் நிற்கிறேன். கார்புரேட்டர் போனதற்காக இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடுவது வழக்கம் என்று அறிவேன். எனக்கு வருவது நிம்மதிப் பெருமூச்சுதான். துரைசாமி அண்ணன் பட்டறை இருந்த இடத்தில் பேக்கரி. அவர் மகன் நடத்துகிறார், மூன்று கேக்கில் எது நல்லது என்று கேட்டால் மூணுமே நல்லாருக்குமுங்க என்கிறார்.

அக்கா இப்போது அதே பள்ளியின் தலைமையாசிரியை. சூலூர்ப் பையனைத்தான் கட்டிக்கொண்டாள், அவள் சொன்ன வருடத்தில். போன மாதம் அவள் அறைக்குப் போயிருந்தேன். மேசைமேல் சிவப்பு வெளுத்த அந்த ஃபில்டர் கூம்பு தலைகீழாக நின்றது, உள்ளே பேனாக்களும் ஓர் அடிஸ்கேலும். நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, நோட்டுத் திருத்துவதை நிறுத்தாமல், "அந்தக் கைக்குட்டைய நீ தொவைச்சுக் குடுத்திருந்தா இன்னும் நல்லாருக்கும்" என்றாள்.

மறுநாளே ஒரு டஜன் வாங்கி அனுப்பிவைத்தேன்.