ஆவணி முகூர்த்தமும் என் கணக்கும்

பதுளை பஸாரில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் நான் கொம்பியூட்டர் வகுப்பு நடத்திய காலத்தில், என்னளவு அறிவாளி ஊவா மாகாணத்திலேயே கிடையாது என்று உறுதியாக நம்பினேன். கொழும்பில் ஒன்றரை வருடம் படித்து ஒரு டிப்ளோமாவோடு திரும்பியிருந்தேன். தினமும் டை கட்டுவேன். மழையில் நனைந்து அது கோவணம்போல் தொங்கினாலும் கழற்ற மாட்டேன். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. இன்டர்நெட் என்று வாயைத் திறந்தாலே பஸாரில் உட்காரக் கதிரை போடுவார்கள். அந்தக் கதிரையில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் எனக்குக் கொழுப்பு ஏறியது.

கீழேயிருந்த புடவைக்கடை முதலாளிக்குப் பண்டாரவளையில் இன்னொரு கடையும், பதுளையில் ஒரு கல்யாண மண்டபமும் இருந்தன. மண்டபம் கேட்டு இரண்டு கடைகளுக்கும் ஆட்கள் வருவார்கள். ஆனால் பதியும் டயரி ஒன்றே ஒன்றுதான். அது பதுளைக் கடையில் முதலாளியின் மேசையில் இருக்கும். ஒரு குடும்பம் வந்து ஒரு நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அவர் அந்தப் பக்கத்தை விரித்து, தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை அதன்மேல் வைத்துவிடுவார். கூடு கிடக்கும்வரை அந்த நாளில் வேறு எவரும் கைவைக்க முடியாது. பண்டாரவளையிலிருந்து டெலிபோனில் கேட்டாலும், "கூடு கெடக்கு, அப்புறம் எடுங்க" என்று வைத்துவிடுவார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இது எந்தக் காலம் முதலாளி? ரெண்டு கடையிலயும் ஒரே நேரத்துல பாக்கலாம், ஒரே நேரத்துல எழுதலாம். நான் செஞ்சு தாரேன்" என்றேன்.

"செய்ங்க தம்பி," என்றார் அவர். "கூட்ட மட்டும் எங்கிட்டயே விட்டுருங்க. கண்ணாடி வைக்க வேற எடமில்ல."

செய்தேன். டயரி இப்போது கொழும்பிலுள்ள ஒரு வாடகை சேர்வரில் இருந்தது. எந்தக் கடையிலிருந்து ஒரு நாளைக் கேட்டாலும் அந்த நாளின் பக்கம் அங்கே ஒரு பிரதியாகப் போகும். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, சமையல்காரர், எத்தனை கதிரை, குறிப்பு எல்லாம் நிரப்பி 'பதிவு' பட்டனை அமுக்கினால், முழுப் பக்கமும் திரும்பிப் போய்ப் பழைய பக்கத்தின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். இடையில் வேறு யாராவது அதை மாற்றியிருந்தார்களா என்று என் புரோகிராம் பார்க்காது. பார்க்கும்படி நான் அதற்குச் சொல்லவில்லை. நான் படித்த புத்தகத்தில் அதற்கென்றே ஓர் அத்தியாயம் இருந்தது. அதெல்லாம் ஆயிரம் பேர் ஒன்றாக எழுதுகிற பெரிய கம்பெனிகளுக்கு, இரண்டு புடவைக்கடைக்கு எதற்கு என்று பக்கங்களைத் தள்ளிவிட்டேன்.

போதாக்குறைக்கு ஒரு சிக்கன யோசனையும் சொல்லிக்கொடுத்தேன். அப்போது இன்டர்நெட் டெலிபோன் லைனில்தான் வரும். லைன் போட்டுக்கொண்டே இருந்தால் பில் ஏறும். ஆகவே பக்கத்தை இறக்கிக்கொண்டு லைனை வெட்டிவிட வேண்டும், குடும்பத்தோடு பேசி முடித்தபின் திரும்ப லைன் போட்டு அனுப்ப வேண்டும். அப்படியானால் ஒரு பக்கம் ஒருவர் கையில் இரண்டு மணி நேரம்கூடக் கிடக்கலாம். மேலே கூடும் இருக்காது.

பண்டாரவளைக் கடையில் பதிவுகளைப் பார்த்தது எல்ல ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வேலைக்கு வந்துபோன ஒரு பெண். பழக்கிக்கொடுக்கப் போன முதல் நாளே என்னைக் கேட்டாள்.

"சேர், நானும் பதுளையில உள்ளவங்களும் ஒரே நாளத் தொறந்து வச்சிருந்தா என்னங்க ஆகும்?"

பாமரக் கேள்வி என்று எனக்குள் புன்னகைத்துக்கொண்டேன். சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றி அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வருடத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாள், கடை இரண்டு, ஒரு நாளைக்கு வருகிற குடும்பங்கள் இத்தனை. விடையில் புள்ளிக்குப் பிறகு பூச்சியம் பூச்சியமாக வந்தது.

"பாத்தியா தங்கச்சி? நடக்கிறதுக்கு வாய்ப்பே இல்ல."

அவள் கலண்டரை முன்பக்கம் திருப்பினாள். "ஆவணியில நல்ல நாளு நாலோ அஞ்சோதானே சேர்? எல்லாரும் அதத்தானே கேப்பாங்க?"

"கணக்கு வேற, பஞ்சாங்கம் வேற," என்றேன்.

"சரிங்க சேர்," என்றாள்.

அட, எனக்கு என்ன திமிர்! ஆடியில் எவரும் தாலி கட்டமாட்டார்கள். மார்கழியைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். செவ்வாய் ஆகாது, சனி ஆகாது, அஷ்டமி நவமி ஆகாது. இதெல்லாம் கேட்டுக்கேட்டே வளர்ந்த நான், ஊரிலுள்ள கல்யாணங்களை வருடம் முழுவதும் சமமாகத் தூவிவிட்டுக் கணக்குப் போட்டிருக்கிறேன். அதைப் பெருமையாக வகுப்புப் பலகையிலும் எழுதிக் காட்டினேன்.

சில்லறைக் குழப்பங்கள் சீக்கிரமே வந்தன. பதுளையில் மாற்றிய சமையல்காரர் மறுநாள் பழைய சமையல்காரராகிவிட்டார். முந்நூறு என்று திருத்திய கதிரை இருநூறுக்குத் திரும்பியது. இடி விழுந்ததால் என்றேன். வோல்டேஜ் குறைவு என்றேன். இடியே இல்லாத ஒரு வெயில் நாளில், கொழும்பில் இடி என்றேன். எல்லாரும் நம்பினார்கள். எனக்கே ஏறக்குறைய நம்பிக்கை வந்துவிட்டது.

அந்த வருடம் எனக்கும் கல்யாணம் நிச்சயமானது. பெண் தெமோதரைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. ஆவணியில் எங்கள் இரண்டு சாதகத்துக்கும் பொருந்தியது ஒரே ஒரு முகூர்த்தம். காலை பத்து மணிக்கு நான் பதுளையில் அந்த நாளின் பக்கத்தை இறக்கினேன். வெறுமையாக இருந்தது. லைனை வெட்டிவிட்டு மாமனாரின் சம்மதத்துக்காகக் காத்திருந்தேன். அவர் பூசையை முடித்து, சாப்பிட்டு, நிதானமாக டெலிபோன் எடுத்துச் "சரி" என்றார். பன்னிரண்டு மணிக்கு எட்டு நிமிடம் இருந்தபோது என் கல்யாணத்தைப் பதிந்தேன். அப்பாடா என்று இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பண்டாரவளைப் பெண் டெலிபோன் எடுத்தாள்.

"சேர், நான் ஒரு நாளு பதிஞ்சேன், இப்ப காணல்ல. அந்த எடத்துல ஒங்க கல்யாணம் இருக்கு."

"யாருக்குப் பதிஞ்ச?"

"எனக்குத்தாங்க சேர்."

அவள் மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. நாலு வருடத்துக்குப் பிறகு ஒரு மாத லீவில் வருகிறார். அந்த மாதத்தில் அவர்களுக்கும் அந்த ஒரு முகூர்த்தம்தான். கடையில் வேலை செய்கிற பிள்ளை என்று முதலாளி மண்டபத்தைத் தருவதாகச் சொல்லியிருந்தார். தங்கள் லயத்து வீடுகளிலிருந்து மண்டபத்தில் கல்யாணம் செய்யப்போகும் முதல் பெண் தன் மகள்தான் என்று அவள் அம்மா தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டாராம்.

"பட்டன அமுக்கினியா?" என்று கேட்டேன்.

"அமுக்கின ஞாபகந்தாங்க சேர்."

"அமுக்கியிருந்தா இருக்குமே தங்கச்சி. கொம்பியூட்டர் பொய் சொல்லாது."

"அப்ப நான்தான் விட்டுட்டேன் போல. மன்னிச்சுக்கங்க சேர்," என்றாள். வைப்பதற்கு முன், "ஒங்களுக்குக் கல்யாணமா? சந்தோசம் சேர்" என்றும் சொன்னாள்.

யார் எப்போது எதை அனுப்பினார்கள் என்று தானாகவே குறித்துவைக்கும் ஒரு பட்டியலை நான் புரோகிராமில் வைத்திருந்தேன். பீற்றிக்கொள்வதற்காக வைத்தது, ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அன்றைக்குத் திறந்தேன். பதினொன்று நாற்பது, பண்டாரவளை, அவள் கல்யாணம். பதினொன்று ஐம்பத்திரண்டு, பதுளை, என் கல்யாணம். பத்து மணிக்கு இறக்கிய வெற்றுப் பக்கத்தை நிரப்பி, பன்னிரண்டு நிமிடத்துக்கு முன் அவள் பதிந்ததன் மேல் நான் ஏறி உட்கார்ந்திருந்தேன்.

உடனே அவளுக்குச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. கார்டு அச்சுக்குப் போய்விட்டதே என்று நினைத்தேன். மாமனார் என்னைக் கிழித்துவிடுவாரே என்று நினைத்தேன். வேண்டுமென்றா செய்தேன், சேர்வர் செய்ததற்கு நான் என்ன செய்வது என்றுகூட நினைத்தேன். அந்தப் பட்டியலைப் பார்க்கத் தெரிந்தவன் பதுளையில் நான் ஒருவன்தான். நாலு நாள் டையைக் கட்டிக்கொண்டு வகுப்பு எடுத்தேன்.

நாலாம் நாள் காலை மறுபடியும் அவளே டெலிபோன் எடுத்தாள். "அவருக்குச் சொல்லிட்டேன் சேர். ரெஜிஸ்டர் மட்டும் பண்ணிக்கிறோம். அம்மாதான் அழுதுக்கிட்டே இருக்கு. பரவால்ல. எங்களுக்கும் கார்டு குடுப்பீங்கதானே?"

குடுப்பேன் என்றேன். அவமானத்தில் காது சுட்டது. கார்டின் மாதிரியைக் காட்டுகிற சாக்கில் அன்று பின்னேரமே தெமோதரைக்குப் போனேன். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, எனக்கு நிச்சயித்த பெண்ணிடம் எல்லாவற்றையும் ஒரு பகிடிபோலச் சொன்னேன். என் புரோகிராம் எனக்கே மண்டபம் பிடித்துத் தந்த கதை என்று சொல்லி நானே சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்தப் பிள்ளக்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"எத்தன நாளாச்சு?"

"நாலு."

"நாலு நாளா அது தன்மேலதான் பெழன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா?" கார்டு மாதிரியை மடித்து என் சட்டைப்பையில் செருகினாள். "அந்த மண்டபத்துல நான் கழுத்த நீட்ட மாட்டேன். போய்ச் சொல்லிட்டு வாங்க. எங்கப்பாவ நான் பாத்துக்கிறேன்."

பதுளையிலிருந்து வந்த ரயிலில் அப்படியே பண்டாரவளைக்கு ஏறினேன். கடையில் அவள் புடவைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். "நீ பட்டன அமுக்கித்தான் இருக்க. நான்தான் ஒன் பதிவுக்கு மேல என்னோடத எழுதிட்டேன். மண்டபம் ஒன்னோடது" என்றேன். எத்தனை நாளாகத் தெரியும் என்று அவள் கேட்டாள். அதையும் சொன்னேன்.

"நாலு நாளும் வீட்டுல ஏச்சு வாங்கினேன் சேர்," என்றாள். "ஒரு பட்டன் அமுக்கத் தெரியாதவளுக்குக் கல்யாணம் ஒரு கேடான்னு."

என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும். அவள் மடித்த புடவையையே திரும்ப விரித்து மறுபடி மடித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அம்மாவிடம் சொல்லப் போகிறேன் என்று கடை மூடும் முன்பே போக அனுமதி கேட்டுக் கிளம்பினாள்.

தள்ளிவிட்ட அத்தியாயத்தை அந்த வாரம் ஒழுங்காகப் படித்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் இலக்கம் கொடுத்தேன். பக்கம் மாறும் ஒவ்வொரு தடவையும் அது ஒன்று கூடும். பக்கத்தோடு இலக்கமும் போகும், திரும்பி வரும்போது இரண்டும் ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிட்டால் புரோகிராம் பதிய மறுத்துவிட்டு, 'நீங்கள் பார்த்த பிறகு இந்தப் பக்கத்தை வேறொருவர் மாற்றியிருக்கிறார். திரும்பப் பார்க்கவும்' என்று சொல்லும். மொத்தம் ஒரு பின்னேர வேலை.

"அப்ப கொம்பியூட்டருக்கும் ஒரு கூடு செஞ்சு குடுத்துட்டீங்க," என்றார் முதலாளி.

"கூடு இல்ல முதலாளி. கூடு வச்சா மத்தவங்க காத்துக்கிட்டு இருக்கணும். இது யாரையும் நிப்பாட்டாது. பிந்தி வாறவனுக்கு மட்டும், திரும்பப் பாருடான்னு சொல்லும்."

"மொதல்ல ஒங்களுக்குச் சொல்லச் சொல்லுங்க," என்றார்.

ஆவணியில் அந்தப் பெண்ணின் கல்யாணம் மண்டபத்தில் நடந்தது. நானும் எனக்கு நிச்சயித்த பெண்ணும் போனோம். அவள் அம்மா தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆட்களைக் கூட்டிவந்திருந்தார். மாப்பிள்ளை லீவு முடிந்து கட்டாருக்குப் போக, அவள் மறுபடி கடைக்கு வந்தாள். என்னோடு பேசினாள், ஆனால் அளவோடுதான்.

என் மாமனார் ஆவணி முடியும்வரை வாய் திறக்கவில்லை. புரட்டாசிக் கடைசியில் மனமிரங்கி, ஐப்பசியில் ஒரு நாள் இருக்கிறது, வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். ஐப்பசி என்றால் பதுளையில் குடையும் தாங்காத மழை. ஆனாலும் எங்கள் சாதகத்துக்கு அதைவிட்டால் தைதான். கீழே போய் முதலாளியிடம் நாளைச் சொல்லிவிட்டு, மேலே வந்து பக்கத்தை இறக்கினேன். வெறுமையாக இருந்தது. லைனை வெட்டிவிட்டு, அதே மேசையில், அதே மாமனாரின் டெலிபோனுக்காகக் காத்திருந்தேன். மத்தியானம் அவர் "சரி" என்றதும், நிரப்பி, லைன் போட்டு, பட்டனை அமுக்கினேன்.

'நீங்கள் பார்த்த பிறகு இந்தப் பக்கத்தை வேறொருவர் மாற்றியிருக்கிறார். திரும்பப் பார்க்கவும்.'

சரிதான், எவனோ முந்திவிட்டான், இனி மாமனார் முகத்தில் விழிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டே பக்கத்தைத் திரும்பத் திறந்தேன். பதிந்த இடம் பண்டாரவளை. பெண் வீடு தெமோதரை. மாப்பிள்ளை வீடு என்ற இடத்தில் என் பெயர். காலையில் நான் சொன்ன நாளை முதலாளி டெலிபோனில் பண்டாரவளைப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். குறிப்பு என்ற கட்டத்தில் அவள் எழுதியிருந்தாள்: 'சேரோட கல்யாணம். வேற யாருக்கும் குடுக்க வேணாம்.'