சித்தப்பாவின் சீட்

எங்கள் ஜீப்பில் முன்பக்கம் இரண்டு சீட். ஒன்றில் அப்பா. மற்றதில் யாரும் உட்காரக் கூடாது. விருந்தாளி வந்தாலும் பின்னால் கிழங்கு மூட்டைமேல்தான் இடம். அந்தச் சீட்டில் ஒருமுறையாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்பது ஏழு வயதில் எனக்கிருந்த ஒரே லட்சியம்.

அது சித்தப்பாவின் சீட். பச்சைமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வரும் பாதை அந்தக் காலத்தில் பாதையே இல்லை. மழைநீர் ஓடியோடி அறுத்த பள்ளமும், ஆட்டுக்கல் அளவுக் கற்களுமாகக் கிடக்கும். இறங்கும்போது இடது பக்கம் கிடுகிடு பள்ளம். ஓட்டுகிறவருக்கு இடது சக்கரம் தெரியாது. அதனால் சித்தப்பா வெளியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வருவார். அப்பா, "இருக்காடா?" என்பார். சக்கரத்துக்கு மண் இருந்தால் "இருக்கு." இல்லாவிட்டால் "இல்ல." மலையில் அண்ணன் தம்பி பேச்சு அவ்வளவுதான்.

சித்தப்பா மஞ்சள் காமாலையில் செத்துப்போன பிறகும் அப்பா கேட்பதை நிறுத்தவில்லை. "இருக்காடா?" என்று காலி சீட்டைப் பார்த்துக் கேட்பார். கொஞ்சம் பொறுப்பார். அப்புறம்தான் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். எங்களுக்கு அது பழகிவிட்டது. வெளியாட்கள் முன்னால் மட்டும் அம்மாவுக்குச் சங்கடமாக இருக்கும்.

கிழங்கு பிடுங்கும் காலத்தில் நாங்களும் மலையில் கொட்டகை போட்டுத் தங்குவோம். அப்படித் தங்கியிருந்த ஒருநாள் மத்தியானம், கைக்குழந்தையாக இருந்த என் தம்பிக்குக் காய்ச்சல் ஏறி இழுப்பு வந்துவிட்டது. கண் மேலே செருகி, கைகால் விறைத்துக்கொண்டது. பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். அப்பா மூட்டைகளை உருட்டித் தள்ளிவிட்டு, அம்மாவையும் தம்பியையும் என்னையும் பின்னால் ஏற்றினார். அன்றைக்கும் முன் சீட் காலிதான்.

இறங்க ஆரம்பித்ததும் மூடுபனி கவிந்தது. பட்டப்பகலில் ஜீப்பின் மூக்குகூடத் தெரியவில்லை. அப்பா ஃபோர் வீல் போட்டு, கல்லுக்குக் கல் இறக்கினார். பிரேக் கட்டை கருகும் வாசனை அடித்தது. மரமெல்லாம் சொட்டிக்கொண்டிருந்ததே தவிர, ஒரு பறவைச் சத்தம் இல்லை.

முதல் வளைவில் அப்பா நிறுத்தினார். "இருக்காடா?"

பதில் வரவில்லை. பனியில் பாதை தெரியாததால் அப்பாவும் நகரவில்லை. மறுபடி கேட்டார். அம்மா மடியில் தம்பி வெட்டி வெட்டி இழுத்தான். அம்மா எவ்வளவு நேரம்தான் பொறுப்பாள்? இடது பக்கப் படுதாவை விலக்கித் தலையை வெளியே நீட்டினாள். குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, "இருக்கு" என்றாள்.

ஜீப் நகர்ந்தது. அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வளைவிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா என் வாயைப் பொத்தினாள்.

பிறகு ஒரு செங்குத்தான இறக்கம். "இருக்காடா?" அம்மா குனிந்து பார்த்தாள். வெள்ளையைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் "இருக்கு" என்றாள். அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் காதிலும் நன்றாக விழுந்தது.

அப்பா பிரேக்கை ஓங்கி மிதித்தார். நாங்கள் முன்னால் போய் விழுந்தோம்.

"சரிடா," என்றார் அப்பா, காலி சீட்டிடம். பிறகு எங்களைப் பார்த்து, "எறங்கிடாதீங்க. இல்லங்கறான்" என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ ஏதாச்சும் சொன்னியாடி?" என்று என்னிடம் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள். நான் இல்லையென்று தலையாட்டினேன். அப்பா இறங்கிப்போய் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டார். அது விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. முந்தின இரவு மழையில் பாதையின் இடது பாதி சரிந்து போயிருந்தது. ஜீப்பைப் பின்னால் எடுத்து, மலைச்சுவரில் உரசிக்கொண்டே கடந்தோம்.

தம்பி பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அப்பா டீ குடிக்கும்போது, அம்மாவுக்கும் கொஞ்சம் நல்ல பெயர் கிடைக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது.

"அப்பா, வழியெல்லாம் பதில் சொன்னது சித்தப்பா இல்ல. அம்மாதான்."

அப்பா சிரித்தார். "தெரியும் பாப்பா. அவ கொரலு எனக்குத் தெரியாதா? கடைசியா மட்டும் உன் சித்தப்பா கொரலு மாதிரியே 'இல்ல'ன்னு சொன்னா பாரு, அதுல நானே ஏமாந்துட்டேன்."

"கடைசியாவும் அம்மா இருக்குன்னுதான் சொன்னாங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அப்பா டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். வெயிலில் நின்ற ஜீப்பின் இடது பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவர் தோள் குலுங்கியது.

உண்மையைத்தானே சொன்னேன், இதற்கு ஏன் கிள்ள வேண்டும் என்று எனக்கு அழுகையாக வந்தது. வீடு திரும்பும்போதாவது அந்தச் சீட்டைக் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.