பெஞ்சில் இருந்தவருக்குத்தான் வீடில்லை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வாக்கியம் நொண்டும். கிழமை மாறிப்போகும். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எங்காவது போய் நிற்பேன். வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இது பழகியிருக்கும். புதிதாகப் படிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் என்னைப் பற்றித்தான் எழுதவேண்டியிருக்கிறது. கூச்சமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் முடியாது – என் மகன் மானம் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

நான் பேப்பரில் வந்துவிட்டேன்.

எழுதுகிறவள் பேப்பரில் வருவதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? எழுத்து வரவில்லை. படம் வந்தது. ஒரு தினசரியில், மாவட்டப் பக்கத்தில், கலரில். கீழே இப்படி ஒரு வரி: 'ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கொட்டும் பனியில் வீடின்றிக் கண்ணீர் வடிக்கும் மூதாட்டி. கண்டுகொள்ளுமா நிர்வாகம்?'

எனக்கு வீடு இருக்கிறது. கண்ணீர் வடிக்கவில்லை. மூதாட்டி... சரி, அதை மறுப்பதற்கில்லை.

நடந்தது இதுதான். பேரிகையில் இருக்கிற என் தங்கச்சி வீட்டுக்கு முதல் பஸ்ஸில் போகவேண்டும். மகன் ரமேஷுக்குக் காலை ஆறு மணி ஷிஃப்ட். போகிற வழியில் என்னை பைக்கில் கொண்டுவந்து பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டான். டீ வாங்கிக் கொடுத்தான். பஸ் வர இன்னும் அரை மணி நேரம் ஆகும், பத்திரமாக இரு என்று சொல்லிவிட்டுப் போனான்.

மார்கழிக் குளிர். அங்கே இருக்கிற பெஞ்சு இரும்பு. அதில் உட்கார்ந்தால் ஐஸ் கட்டி மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். என் முட்டி தாங்காது. அதனால் தரையில் ஒரு பழைய பேப்பரை விரித்து, தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். தங்கச்சிக்காக எடுத்துப்போன போர்வையைப் பிரித்துப் போர்த்திக்கொண்டேன். அது ஆயுத பூஜைக்கு ரமேஷ் கம்பெனியில் எல்லாருக்கும் கொடுத்த போர்வை. மெரூன் கலர், மஞ்சள் கரை. இந்தப் போர்வையை மறந்துவிடாதீர்கள், வம்பே அதில்தான்.

எனக்குப் பக்கத்துப் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அயர்ன் செய்த பேன்ட், சட்டை. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. ஷூ பளபளவென்று இருந்தது. யாரோ ஆபீசர் என்று நினைத்து நான் காலைக்கூட மடக்கிக்கொண்டேன். அவரை ஏழுமலை என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயர் அதில்லை.

கண் விழித்தவர் மணி கேட்டார். சொன்னேன். பெங்களூர் பஸ்ஸா என்று கேட்டேன். சிரித்தார்.

"எந்த பஸ்ஸும் இல்லம்மா. மூணு நாளா இங்கதான் படுத்துக்கினு இருக்கேன்."

வெளி மாவட்டத்திலிருந்து வந்து காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர். அவர் இருக்கிற ரூமில் எட்டுக் கட்டில். ஆனால் ஆள் பதினாறு. அது எப்படி என்றால், ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் – பகல் ஷிஃப்ட்காரர் எழுந்து வேலைக்குப் போனதும் நைட் ஷிஃப்ட்காரர் வந்து படுப்பார். தலையணை உறை மட்டும் அவரவர் பையில். "கட்டிலுக்குச் சூடு ஆறுறதே இல்லம்மா" என்றார்.

இப்போது கம்பெனியில் திடீரென்று இவரையும் பகல் ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்கள். கட்டில் பங்காளியும் பகல். ராத்திரி ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுக்க முடியுமா? பங்காளி சீனியர். கட்டில் அவருக்கு. பஸ் ஸ்டாண்ட் இவருக்கு. ஷிஃப்ட் மறுபடி மாற இரண்டு வாரம் ஆகும்.

போலீஸ் எழுப்பிவிடமாட்டார்களா என்று கேட்டேன். அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்.

"துணி அயர்ன் பண்ணியிருந்தா பிரயாணி. கசங்கியிருந்தா பிச்சைக்காரன். அவ்ளோதாம்மா கணக்கு. அதான் சாப்பாட்டுல மிச்சம் புடிச்சாலும் அயர்ன்ல மிச்சம் புடிக்கிறதில்ல."

தங்கச்சிக்குக் கொண்டுபோன புளிசாதத்தில் பாதியை டப்பா மூடியில் போட்டுக் கொடுத்தேன். வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் எதிரே ஒரு தம்பி கேமராவைத் தூக்கினார். எனக்குக் கேமரா என்றாலே ஆகாது. கல்யாணப் போட்டோவிலேயே தலை குனிந்துதான் இருப்பேன். சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அந்த முந்தானைதான் மறுநாள் 'கண்ணீர்' ஆகிவிட்டது.

பேப்பரைக் கொண்டுவந்து காட்டியது பக்கத்து வீட்டுக் கௌரம்மா. கன்னடக்காரி. முகம் மூடியிருந்தும் நான் பின்னிய ஒயர் கூடையை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள். "ஏனம்மா, மருமக சோறு போடலயா? நம்ம வீட்டுக்கு வரக்கூடாதா, ராகி முத்தே, களி உருண்டை போட்டிருப்பேனே" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. மருமகளுக்குத் தெரிந்திருந்தது – அழுதாள்.

நான் அந்தப் பக்கத்தை நிதானமாகப் பார்த்தேன். என் படத்துக்கு நேர் கீழே பாகலூர் ரோட்டில் வில்லா விற்கிற விளம்பரம். ஒரு குடும்பமே பால்கனியில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தது. நான் நடுங்குகிறேன், எனக்குக் கீழே அவர்கள் சிரிக்கிறார்கள். அவர்களும் நிஜத்தில் அந்த வீட்டில் இல்லை. நானும் நிஜத்தில் தெருவில் இல்லை. ஒரே பக்கத்தில் இரண்டு பேரும் நடித்துக்கொண்டிருந்தோம்... எனக்குச் சொல்லாமலேயே என்னை நடிக்க வைத்துவிட்டார்கள் என்பதுதான் வித்தியாசம்.

பேப்பருக்கென்று ஒரு தனித் தமிழ் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? காசு இருக்கிற கிழவர் 'தொழிலதிபர்'. இல்லாத கிழவர் 'முதியவர்'. கார் வைத்திருக்கிறவர் கைதானால் 'பிரமுகர்'. சைக்கிள் வைத்திருந்தால் 'வாலிபர்'. என்னை இந்த எழுபது வயதில் ஒருத்தரும் மூதாட்டி என்று கூப்பிட்டதில்லை. தரையில் உட்கார்ந்தேன், பட்டம் கிடைத்துவிட்டது.

இதெல்லாம் எனக்கு வேடிக்கை. ரமேஷுக்கு?

கம்பெனியில் அந்தப் படம் செல்போன் செல்போனாகச் சுற்றியிருக்கிறது. மெரூன் போர்வை, மஞ்சள் கரை... 'நம்ம கம்பெனிப் போர்வை. அப்படியானால் நம்மில் எவனோ ஒருத்தன் அம்மாவைத் தெருவில் விட்டுவிட்டு, மனசாட்சி உறுத்தாமல் இருக்கப் போர்வையையும் கொடுத்து அனுப்பியிருக்கிறான்' என்று கேன்டீனில் துப்புத் துலக்கியிருக்கிறார்கள். யார் அது, யார் அது என்று பேச்சு. ரமேஷ் கையைத் தூக்கி, எங்கம்மாதான், பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்தது என்று சொல்லியிருக்கிறான்.

ஒருத்தரும் நம்பவில்லை. எல்லா மகனும் அப்படித்தானே சொல்லுவான்?

அன்றிலிருந்து அவனோடு யாரும் சாப்பிட உட்காருவதில்லை. லைன் இன்சார்ஜ் வேலைக்கு அவன் பெயர் பேசப்பட்டுக்கொண்டிருந்தது, அந்தப் பேச்சும் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்தவன் சட்டையைக் கழற்றாமல் நின்றான். "உன்னைய யாருமா கீழ உக்காரச் சொன்னது?" – அவ்வளவுதான் கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

இரண்டு பேருமாகப் பேப்பர் ஆபீசுக்குப் போனோம். மாடியில் சின்ன ரூம். படம் எடுத்த நிருபர் தம்பி நல்ல பிள்ளை. நாற்காலி போட்டார். பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். மகனோடு சந்தோஷமாக இருக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துப் போட்டுவிடலாம் என்று மறுநாளே வீட்டுக்கு வந்தார்.

வந்தவர் என்னைப் பட்டுச் சேலை கட்டச் சொன்னார். ஃப்ரிட்ஜ் தெரிகிற மாதிரி உட்காரச் சொன்னார். ரமேஷை எனக்கு ஒரு வாய் சோறு ஊட்டச் சொன்னார். நாற்பது வயது ஆண்பிள்ளை, மீசைக்காரன், கையில் சோற்றை வைத்துக்கொண்டு முழிக்கிறான். நான் கூச்சத்தில் மறுபடியும் முந்தானையைத் தூக்கிவிட்டேன். "ஐயோ பாட்டி, திரும்பவும் அழற மாதிரி வருது" என்றார் நிருபர்.

அன்று சாயங்காலமே போன் வந்தது. ஆபீசில் வேண்டாம் என்றுவிட்டார்களாம். நிருபர் தம்பி பாவம், உள்ளதைச் சொன்னார்.

"வீடு இருக்கிற அம்மா எப்படிம்மா செய்தி ஆகும்?"

நியாயம்தானே. அப்புறம்தான் வாய் தவறி, தம்பி, என் பக்கத்தில் பெஞ்சில் இருந்தாரே, அவருக்குத்தான் வீடில்லை என்று சொன்னேன். தம்பி செல்போனில் முழுப் படத்தைத் தேடியெடுத்து ரமேஷுக்கு அனுப்பினார். அதில் ஏழுமலை இருந்தார் – ஷூ, அட்டை, அயர்ன் சட்டை, கையில் என் டப்பா மூடி. பேப்பரில் வந்ததில் அவர் இல்லை.

"அவரைக் கட் பண்ணிட்டோம்மா. அவரு இருந்தா படத்துல ஏழ்மை வரல."

ஆனால் கதையைக் கேட்டதும் தம்பிக்கு உற்சாகம் வந்துவிட்டது. பாலீஷ் போட்ட ஷூவோடு பஸ் ஸ்டாண்டில் படுக்கிறவர், நல்ல ஸ்டோரி, அவரைப் பேச வையுங்கள் என்றார். அப்படியானால் அதோடு சேர்த்து என் விஷயத்தையும் ஒரு பெட்டிக்குள் போட்டு, தவறு என்று எழுதிவிடுவார்களாம்.

அதாவது, அவரைக் கொடுத்தால் என் மகனைத் திருப்பித் தருவார்கள்.

எனக்கு அப்போது அது தப்பாகவே தெரியவில்லை. அவருக்கும் நல்லதுதானே, யாராவது பார்த்துக் கட்டில் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரமேஷோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அதே பெஞ்சில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

படம் வந்த மறுநாள் நடந்ததை அவராகவே சொன்னார். ஏதோ ஒரு சங்கத்துக்காரர்கள் என்னைத் தேடிப் பேனரோடு போர்வை கொண்டுவந்தார்களாம். நான் இல்லை. வந்ததற்கு யாருக்காவது கொடுக்கவேண்டுமே – வேலை முடித்துப் படுத்திருந்த ஒரு பார்சல் தூக்குகிறவரை எழுப்பிப் போர்த்தினார்களாம். அவருக்குச் சொந்த வீடு இருக்கிறது. இவரிடம் மட்டும், "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போட்டோவுல விழறீங்க" என்றார்களாம். சொல்லிவிட்டு ஏழுமலை அப்படிச் சிரித்தார். ரமேஷும் பல நாளைக்கப்புறம் சிரித்தான்.

சிரிப்பு அடங்கியதும் நான் பேப்பர் விஷயத்தையும், ரமேஷ் கம்பெனியில் படுகிற பாட்டையும் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"வேணாம்மா. எங்க ஊரு டீக்கடையில அந்தப் பேப்பர்தான் போடறாங்க. எம் பொண்ணு பிளஸ் டூ படிக்குது. எங்கப்பா ஓசூர்ல கம்பெனில இருக்காருன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்குது. அதுல பொய் ஒண்ணும் இல்ல. கட்டில் மட்டுந்தான் இல்ல."

அவர் ரமேஷைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, சட்டைக் காலர் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"இதால உங்க வேலைக்கு எதுனா ஆவும்னா... எடுத்துக்கச் சொல்லுங்க சார்."

ரமேஷ் என்ன சொல்லுவானோ என்று அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் பக்கமும் நியாயம் இருக்கிறதே. தனியாகச் சாப்பிடுகிறவன் அவன்தானே.

"வேணாம்ணே" என்றான். "எங்கம்மா எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். அது போதும்."

மூன்று டீ சொன்னான். குடித்தோம். எங்கள் வீட்டுக்கு வந்து படுங்கள் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. எங்களுடையது ஒன்றரை ரூம் வாடகை வீடு, நாங்கள் நாலு பேர். சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறது. சொல்லியிருந்தால் அவர் வந்திருக்கமாட்டார் என்றும் தோன்றுகிறது... இப்படி நினைத்துக்கொள்வது வசதியாகவும் இருக்கிறது.

ஆகவே, அந்தப் பேப்பரில் வராத மறுப்பை என் சொந்த இடத்தில் நானே போட்டுக்கொள்கிறேன்.

ரமேஷ் கம்பெனித் தம்பிகளே, உங்கள் கேன்டீனில் இந்தப் பத்திரிகை கிடக்கும் என்று தெரியும். படத்தில் இருந்த கிழவி நான்தான். என் மகன் என்னைக் கைவிடவில்லை, பஸ்ஸுக்குக் கொண்டுவந்து விட்டான். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. உட்கார்ந்தது என் தப்பு. நாளைக்கு அவனோடு சேர்ந்து சாப்பிடுங்கள். உங்கள் லைனிலேயே அயர்ன் சட்டையோடு ஒருவர் இருந்தால், ராத்திரி எங்கே படுக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பேப்பரில் போடாமல் கேளுங்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். விவரங்களை யாராவது ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். கட்டில் எட்டா பத்தா, நடந்தது ஞாயிறா சனியா, எனக்கு நிச்சயமில்லை. ஏழுமலையை அவர் ஊர்க்காரர்கள் அடையாளம் கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு சொல் இருந்தாலும் அதை மாற்றிவிடுங்கள். ஆனால் அவரை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

இடம் பற்றவில்லையென்றால், வெட்டுவதற்கு நான் இருக்கிறேன்.