செர்டாங்குக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்

அந்தச் சைக்கிள் பந்தயத்தில் ஜெயிப்பது என் வேலை இல்லை. நான்கு நாள், நான்கு கட்டம். எங்கள் அணியில் ஐந்து பெண்கள். ஜெயிக்க வேண்டியவர் எங்கள் கேப்டன் ஒருவர்தான். மற்ற நான்கு பேரும் அவருக்காக. காற்று எதிரே அடித்தால் அவருக்கு முன்னால் போய் அதை நாங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். அவருக்குத் தாகம் என்றால் அணிக் காருக்குப் பின்வாங்கி, சட்டைக்குள் ஆறு போத்தல்களைத் திணித்துக்கொண்டு, மறுபடி கூட்டத்தை விரட்டிப் பிடிக்க வேண்டும். எனக்கு இருபத்தொரு வயது. கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் சிப்புகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. வருட லீவில் பாதியை எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். பல நாள் ஓடும் பந்தயம் எனக்கு அதுதான் முதல். போத்தல் தூக்குவதே தலைகால் புரியாத சந்தோஷமாக இருந்தது.

கேப்டன் மலாய்க்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். நாங்கள் எல்லோரும் அவரைக் ‘காக்’ என்போம், அக்கா என்பது போல.

முதல் நாள் வயல்வெளி. மறைக்க ஒரு மரமில்லாத சாலை. நான் போத்தலுக்காகப் பின்னால் போயிருந்த நேரம் பார்த்துப் பக்கக் காற்று அடித்துக் கூட்டத்தை இரண்டாகக் கிழித்தது. நான் மாட்டியது பின்பாதியில். ஒன்பது நிமிடம் போயிற்று. இரண்டாம் நாள் ஜெராய் மலை ஏற்றத்தில் இன்னும் பத்து நிமிடம். ஆனால் அன்று மலை உச்சியில் காக் மஞ்சள் சட்டை வாங்கினார். மொத்த நேரத்தில் முதலிடம் என்பதற்கான சட்டை. இரண்டாவதாக இருந்தவளைவிடப் பதினொரு வினாடிதான் முன்னால். நான் மேலே போய்ச் சேர்ந்தபோது அவர் அதைப் போட்டுக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அதே நாளில் எங்கள் அணியில் ஒருத்தி காய்ச்சலால் விலகினாள். மிச்சம் நான்கு பேர்.

மூன்றாம் நாள் கோலா கெத்திலில் தொடங்கி செர்டாங்கில் முடிகிறது. செர்டாங் என் ஊர். டவுனுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னால், மெயின் ரோட்டை ஒட்டியே எங்கள் செம்பனைத் தோட்டம். அப்பா அங்கே எண்ணெய்க்கான பனங்குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். நான் சைக்கிள் பழகிய சாலையே அதுதான்.

காலையில் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நீ பத்தொன்பது நிமிடம் பின்னால் இருக்கிறாய். நீ முன்னால் ஓடினாலும் யாரும் விரட்ட மாட்டார்கள். இன்றைக்கு ஓடு” என்றார் மலாயில். தோற்றதற்கு இப்படி ஒரு பரிசு உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஓடினேன். இருபதாவது கிலோமீட்டரில் ஒரு சின்ன மேட்டில் இரண்டு பேர் பாய்ந்தார்கள். அவர்கள் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டேன். ஒருத்தி பஹாங்கிலிருந்து வந்த மலாய்ப் பெண். இன்னொருத்தி ஜொகூர் அணி. திரும்பிப் பார்த்தபோது கூட்டம் சாலை முழுக்கப் பரந்து, எங்களைப் போக விட்டுவிட்டு சாவகாசமாக வந்துகொண்டிருந்தது.

“தங்கச்சி, தமிழாலா நீ?” என்று பக்கத்திலிருந்து ஜொகூர்க்காரரின் குரல் வந்தது, எங்கள் நாட்டுப் பேச்சின் ‘லா’ ஒட்டோடு.

“ஆமாக்கா!”

“அப்ப நல்லதாப் போச்சு. ஆளுக்கு அர நிமிஷம் இழுப்போம். ஏமாத்துனா தமிழ்லயே திட்டுவேன்.”

சிரித்துக்கொண்டே மிதித்தோம். மூன்று பேரும் மாறி மாறி முன்னால் போய்க் காற்றை உடைத்தோம். செயின் ஓடும் சத்தமும் எங்கள் மூச்சும் மட்டும்தான். கூலிமைத் தாண்டும்போது தொழிற்சாலைச் சீருடையோடு பத்துப் பதினைந்து பேர் சாலையோரம் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். யாரென்று பார்க்க நேரமில்லை. கை கால் எல்லாம் புல்லரித்தது. முன்னால் போன மோட்டார் சைக்கிளில் ஒருவர் சிறு பலகையைத் தூக்கிக் காட்டினார்: பின்னால் இருப்பவர்களோடு இரண்டு நிமிட இடைவெளி.

“ரெண்டு நிமிஷம்! தங்கச்சி, இது நமக்குத்தான்லா!” என்று ஜொகூர் அக்கா கத்தினார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. என் ஊரில், கடை வரிசை முன்னால், நான் முதலாவதாக வருவதை மனம் படம் படமாக ஓட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சாலையில் எங்கே வளைவு, எங்கே பள்ளம், எங்கே லாரி மண்ணைக் கொட்டியிருக்கும் என்று இவர்கள் இருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

செர்டாங்குக்குப் பதிமூன்று கிலோமீட்டர் இருக்கும்போது எங்கள் அணிக் கார் ஹாரன் அடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தது. மேனேஜரின் தலை வெளியே நீண்டது. காக்கின் டயர் பஞ்சர். எங்கள் அணியின் ஒருத்தி தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்கிறாள். இன்னொருத்தி அவரை இழுத்து இழுத்துச் சோர்ந்துவிட்டாள். காக் தனியாக, கூட்டத்துக்கு நாற்பது வினாடி பின்னால். அது தெரிந்து இரண்டாம் இடத்துக்காரியின் அணி கூட்டத்தை வேகமாக இழுக்கிறது.

“துங்கு காக்!” என்றார். காக்குக்காகக் காத்திரு.

அவ்வளவுதான். கார் வேகத்தைக் குறைத்துப் பின்னால் போய்விட்டது.

நான் இரண்டு மூன்று முறை மிதித்தேன். பொய் சொல்ல மாட்டேன், காதில் விழாத மாதிரி போய்விடலாமா என்று நினைத்தேன். பிறகு மலை உச்சியில் அந்த மஞ்சள் சட்டை நினைவுக்கு வந்தது. கால்களை நிறுத்தினேன்.

“ஏய், என்னாச்சு?”

“எங்க காக்குக்கு பஞ்சர்க்கா. நிக்கச் சொல்றாங்க.”

“பைத்தியமா நீ? உன் ஊருலா இது!”

“நீங்க போங்கக்கா. விடாதீங்க. ஜெயிங்க!”

அவர் ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து மிதித்தார். இருவரும் வளைவில் மறைந்தார்கள்.

மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து, கடைசியில் நான் போய் நின்ற இடம் எங்கள் தோட்டத்து முச்சந்தி! அங்கே முப்பது பேர் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்த கைத்தட்டல், நான் ஒரு காலைத் தரையில் ஊன்றியதும் அப்படியே நின்றுவிட்டது. அப்பா ஓடி வந்தார்.

“என்னம்மா, டயர் பஞ்சிட்டா?” பஞ்சரா என்கிறார்.

“இல்லப்பா. எங்க கேப்டன் பின்னால வர்றாங்க. துங்கு பண்றேன்.”

“துங்கு பண்றது பஸ்ஸுக்குலா! ரேஸுல யாரு துங்கு பண்ணுவா?”

“முன்னாடி ரெண்டு பொண்ணுங்க போயிருச்சு, நீ இங்க நின்னு கத பேசுற!” என்று பக்கத்து வீட்டு அக்கா தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு அண்ணன்கள் சைக்கிளைத் தள்ளிவிடவே வந்துவிட்டார்கள். “தள்ளாதீங்கண்ணே, தள்ளுனா தண்டன போட்டுருவாங்க!” என்று நான் அலற வேண்டியிருந்தது. அம்மா நேரே என்னிடம் வந்தார். கையில் இருந்த ஐஸ் தண்ணிப் பொட்டலத்தைப் பிய்த்து என் கழுத்தில் ஊற்றினார்.

அப்போது கூட்டம் வந்தது. ஐம்பது சைக்கிள்கள் ஒரே இரைச்சலாக என்னை உரசுவது போலக் கடந்து போயின. அப்பா இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார். நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். முப்பத்தாறு வரை எண்ணியபோது வளைவில் மஞ்சள் தெரிந்தது.

“அந்தா வர்றாங்க!” என்று கத்திவிட்டு எழுந்து நின்று மிதித்தேன். வேகம் எடுப்பதற்குள் காக் என் பின்சக்கரத்துக்கு வந்துவிட்டார்.

“அடெக், போலே?” முடியுமா தங்கச்சி என்கிறார்.

“போலே!”

அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரை எப்படி ஓட்டினேன் என்று கேட்டால் கோவையாகச் சொல்லத் தெரியவில்லை. முதல் வளைவில் பிரேக்கைத் தொடவே இல்லை. மண் கொட்டியிருக்கும் இடத்தில் வலது பக்கம் ஏறினேன். காக் ஒரு கேள்வி கேட்காமல் அப்படியே பின்தொடர்ந்தார். செம்பனை வரிசைகள் இரண்டு பக்கமும் விசிறி மாதிரி ஓடின. தொடை எரிந்தது, வாயில் இரும்பு ருசி. ஆனால் உள்ளே ஏதோ கொண்டாட்டம்! தனியாக ஜெயிக்கப் போகிறேன் என்று ஓடியபோதுகூட இந்த வேகம் என்னிடம் இல்லை. பலகைக்காரர் முப்பது என்று காட்டினார். பிறகு இருபத்திரண்டு. பிறகு பதினான்கு. டவுன் வந்துவிட்டது. கூட்டத்தின் வால் கண்ணுக்கே தெரிந்தது.

முடிவுக் கோட்டுக்கு ஐந்நூறு மீட்டர் முன்னால் என் கால்கள் செத்துவிட்டன. இடது பக்கம் ஒதுங்கினேன். காக் என்னைத் தாண்டிப் பாய்ந்தார்.

நான் ஊர்ந்து வந்து கோட்டைத் தாண்டி, ஒரு கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்ன ஆயிற்று என்று தெரியாது. மேனேஜர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார், நான்கு விரல்களைத் தூக்கிக் காட்டியபடி. காக் இழந்தது ஏழு வினாடி. மஞ்சள் சட்டை எங்களிடமே, நான்கு வினாடியில்.

கொஞ்ச நேரத்தில் அப்பா லாரியிலேயே வந்து இறங்கினார்.

“எத்தனாவதும்மா வந்த?”

“ஐம்பத்தி நாலாவதுப்பா.”

“அப்புறம் ஏன்லா இப்படி சிரிக்கிற?”

நான் பதில் சொல்வதற்குள் காக் வந்துவிட்டார். வியர்வை வழியும் முகத்தோடு அப்பாவின் கையைப் பிடித்து, இன்றைக்கு இந்தச் சட்டை உங்கள் மகள் கொடுத்தது என்று மலாயில் சொன்னார். அப்பா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, நாளைக்கும் இவள் இப்படித்தான் இழுக்க வேண்டுமா என்று கேட்டார். ஆமாம் என்றார் காக்.

“அப்ப இன்னிக்கு நல்லா சாப்புடணும்” என்றார் அப்பா, என்னிடம், ரொம்பக் கண்டிப்பாக.

ஜொகூர் அக்காதான் அன்று முதலாவது. பதக்கத்தோடு என்னைத் தேடி வந்து, “உன் ஊருல நான் ஜெயிச்சிட்டேன். கோவமா?” என்றார். “நாளைக்குக் காட்டுறேன்க்கா” என்றேன்.

மறுநாள் கூலிம் டவுனைச் சுற்றிச் சுற்றி வரும் கடைசிக் கட்டம். யாரும் முன்னால் ஓடித் தப்பிவிடாதபடி முதல் சுற்றிலிருந்தே வேகத்தை ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினேன். ஒரு வளைவில் திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் சட்டை என் சக்கரத்துக்குப் பின்னால், அதற்குப் பின்னால் ஜொகூர் அக்கா உட்பட அத்தனை பேரும் ஒரே கயிறாக நீண்டிருந்தார்கள். இன்னும் ஒரு பல் கியரைக் கூட்டினேன்.