எருமை குத்தின கல்

ஆயுத பூசை அன்று மச்சாள் வீட்டுச் சாமி அறையில் என் கல்லை வைத்தேன். விளக்கு ஏற்றுவதற்குள் அது வெளியே, செருப்புத் தட்டில் கிடந்தது.

மச்சாள் என் கணவரின் அக்கா, எங்கள் நகரத்தின் தென்கோடியில் பாபகூராவில் இருக்கிறார். ஒவ்வொரு வருடமும் பூசை அவர் வீட்டில்தான். அவரவர் வேலைச் சாமானை அன்று அம்மன் முன் வைத்துவிட்டு, மறுநாள் விஜயதசமி காலையில் எடுத்து, அங்கேயே கொஞ்சம் வேலை தொடங்க வேண்டும். கார்ச் சாவிகள், மடிக்கணினிகள், மச்சாளின் கத்தரிக்கோல், அவர் கணவரின் தூண்டில் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாகிவிட்டது. என் கல்லுக்கு மட்டும் இடமில்லையாம்.

"மாடு கொல்லுற சாமானை அம்மனுக்கு முன்னால வைக்கிறதோ? உமக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்றார் மச்சாள்.

எனக்குப் பிடித்தது கனடாவில். தங்கையைப் பார்க்கப் போனபோது ஒரு அருங்காட்சியகத்தில் அதைக் கண்டேன். பனியுகம் முடியும் காலத்தில் காட்டெருமை வேட்டையாடிய மக்களின் ஈட்டி முனை. விரல் நீளக் கல், இலை போல மெல்லியது. அதன் இரு முகத்திலும் அடியிலிருந்து நுனிவரை ஒரு பள்ளம். அந்தப் பள்ளங்களைக் கடைசியில், ஒரு முகத்துக்கு ஒரே அடியாக எடுக்க வேண்டும். பல முனைகள் அந்த அடியில்தான் உடைந்தனவாம். பள்ளம் இல்லாமலும் எருமையைக் குத்தலாம். பிறகு ஏன் எடுத்தார்கள் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்ல ஆளில்லை. கைக்கு வந்த பொருளை ஒரு பள்ளத்துக்காகப் பணயம் வைத்தவர்களை எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துப்போனது.

ஊர் திரும்பியதும் நானும் அப்படி முனை செதுக்கத் தொடங்கினேன். பியர் போத்தலின் அடிக் கண்ணாடி பழகுவதற்கு நல்லது. நியூ லின்னில் எங்கள் தெருவின் மறுசுழற்சித் தொட்டிகளைக் கிளறிப் போத்தல் பொறுக்கினேன். தட்டிச் செதுக்க மான் கொம்பு வேண்டும்; மான் பண்ணைகள் நிறைந்த இந்த நாட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை. கொம்பால் தட்டித் தட்டி, கை முழுக்கக் கீறல். கராஜில் குவிந்த போத்தல்களை யாரோ கண்டு சொல்ல, என் கணவர் குடியில் விழுந்துவிட்டார் என்று முடிவுகட்டிய மச்சாள், கோயில் விபூதியோடு வந்து நின்றார். அந்த மனிதர் தேநீருக்கு மேல் எதுவும் தொட்டதில்லை. போத்தல் எனக்குத்தான் என்றேன். விபூதி என் நெற்றிக்கு வந்தது.

வீணை பழகலாமே என்றார்கள். மவுண்ட் வெல்லிங்டனில் என்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரப் பெண், உங்கள் பண்பாட்டில் ஏதாவது செய்யலாமே என்று பரிவாகக் கேட்டாள். எது என் பண்பாடு என்று ஆளாளுக்கு எடுத்துச் சொன்னார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு தங்கை நல்ல கல் ஒன்று அனுப்பினாள். அந்த ஒரே கல்லில் மாதக்கணக்காக வேலை செய்து இலை வடிவம் கொண்டுவந்திருந்தேன். இரண்டு பள்ளங்கள்தான் பாக்கி. அதைத்தான் மச்சாள் செருப்போடு வைத்திருந்தார்.

கல்லை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"மச்சாள், அந்தச் சாமிப் படத்தைப் பாருங்கோ. அம்மன் சூலத்தாலை எதைக் குத்திறா?"

மச்சாள் விளக்குத் திரியைச் சரிசெய்தார். அவர் மகள்தான் போனிலிருந்து தலையைத் தூக்கி, "பஃபலோ, மம்," என்றாள்.

"ஒன்பது நாளும் எருமையைக் குத்தின அம்மனைக் கும்பிடுறம். எருமை குத்துற கல்லுக்குச் செருப்புத் தட்டோ?"

"அது அசுரன்!"

"அப்ப அண்ணா பிடிக்கிற ஸ்னாப்பர் மீனும் அசுரனோ?"

மச்சாளின் தூண்டில்காரக் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். மச்சாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கல்லைத் தூண்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். குங்குமம் யாரும் வைக்கவில்லை.

மறுநாள் காலை பின்வளவுப் படியில் உட்கார்ந்தேன். தொடையில் தடித்த துவாய், கையில் கொம்பு. மச்சாள் வந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்பவே வடிவாத்தானே இருக்கு. இது காணும். இனி அடிச்சு உடைக்காதையும்."

அவர் வாயிலிருந்து என் கல்லுக்கு வடிவு, அழகு என்ற சொல் இத்தனை நாளில் இன்றுதான் வந்தது. அப்படியே விட்டிருந்தால் அவரே குங்குமமும் வைத்திருப்பார். ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது.

"இது இன்னும் முடியேல்லை மச்சாள்."

அடித்தேன். முதல் பள்ளம் நுனிவரை சுத்தமாக வந்தது. திருப்பிப் பிடித்து மற்றப் பக்கத்தில் அடித்தேன். கல் குறுக்கே இரண்டாகப் போனது.

"நான் சொன்னனான்," என்றார் மச்சாள். நான் அழுவேன் என்று காத்திருந்தார். நெஞ்சு எரியத்தான் செய்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பழைய வேட்டைக்காரர்களின் தங்குமிடங்களில் இப்படி உடைந்த பாதிகள் கிடக்கின்றன. பசியும் குளிரும் இருந்த இடத்தில், யாரோ ஒருவர் இதே சத்தத்தைக் கேட்டு, அதைப் போட்டுவிட்டு அடுத்த கல்லை எடுத்திருக்கிறார். காணும், இதுவே போதும் என்று அவருக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

அங்கிருந்தே தங்கையைக் கூப்பிட்டேன்.

"கல்லு உடைஞ்சுபோச்சு. இன்னொண்டு அனுப்பு."

"நீ இன்னும் விடேல்லையோ அக்கா?"

"இல்லை. ரெண்டாய் அனுப்பு."

இரண்டு பாதிகளையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். உடைந்ததைச் சாமிக்கு வைக்கக்கூடாது என்று மச்சாள் பின்னாலேயே வந்தார். சூலம் எருமைமேல் இறங்கும் இடத்துக்கு நேர் கீழே இரண்டையும் சேர்த்து வைத்து, நானே சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பிறகு கதவை விட்டு விலகி நின்றேன்.

"குங்குமம் வைச்சாச்சு. இப்ப எடுங்கோ பாப்பம்," என்றேன்.

மச்சாள் எடுக்கவில்லை.